பந்துப் பெட்டி பிதுங்குகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்க ஒரு வழிமுறை

கால்பந்தோ கூடைப்பந்தோ கிரிக்கெட் பந்தோ, கடையில் பேக்கிங் பற்றிப் புகார் வந்தால் முதலில் திட்டு வாங்குகிறவர் அச்சகத்துக்காரர்தான். "சிவகாசியில் அட்டையை மட்டமாகப் போட்டுவிட்டார்கள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். அட்டையில் குறை இருப்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் கோளாறு பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. பந்துக்குள் இருக்கும் காற்று வெயிலுக்கு ஏறும், நாள்பட இறங்கும். மேல்தோல் ஈரம் வாங்கும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கோடு ரசாயன உறவு வைத்துக்கொள்ளும். பெட்டிக்கு அளவெடுத்த நாளில் இருந்த பந்து வேறு, மூன்று மாதம் கழித்து ஷெல்ஃபில் உட்கார்ந்திருக்கிற பந்து வேறு. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் பந்தை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு அட்டைக்கு வருவோம்.

கையில் மூன்று சாமான் இருந்தால் போதும்: தையல் டேப், நீடில் மாட்டக்கூடிய காற்றழுத்த மீட்டர், சமையலறைத் தராசு. மீட்டர் 15 அல்லது 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை மட்டும் காட்டுகிற சின்னதாக இருக்க வேண்டும். வண்டி டயருக்கு வைத்திருக்கும் மீட்டரில் 4 பி.எஸ்.ஐ.யும் 6 பி.எஸ்.ஐ.யும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பெட்டி பிதுங்குகிறது, மூடி தானாகத் திறந்துகொள்கிறது

டேப்பால் பந்தின் சுற்றளவை எடுங்கள். 5ஆம் எண் கால்பந்தின் சுற்றளவு விதிப்படி 68 முதல் 70 செ.மீ. வரை இருக்கலாம். விட்டமாக மாற்றினால் 21.6 முதல் 22.3 செ.மீ. இரண்டு எல்லையிலும் இருப்பது சரியான பந்துதான், ஆனால் விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசம். டிசைன் போட்டவர் கையில் கிடைத்த ஒரே சாம்பிள் 68 செ.மீ. பந்தாக இருந்து, அதற்குக் கச்சிதமாகப் பெட்டி போட்டிருந்தால், பந்து தயாராகும் ஜலந்தரிலிருந்து வரும் அடுத்த லாட்டில் பல பந்துகளைத் திணித்துத்தான் உட்காரவைக்க முடியும். 7ஆம் எண் கூடைப்பந்தும் அப்படித்தான்: 75 முதல் 77 செ.மீ., விட்டம் 23.9 முதல் 24.5. பெட்டியின் உள்ளளவை விதியின் மேல் எல்லைக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள்.

'உள்ளளவு' என்று எழுதிக் கொடுத்தீர்களா என்பதையும் பாருங்கள். வெறுமனே 22.5 என்று கொடுத்தால் சிலர் அதை வெளியளவாக எடுத்துக்கொள்வார்கள். நெளிவு அட்டையில் ஈ ஃப்ளூட் என்ற ரகம் சுமார் ஒன்றரை மி.மீ. தடிமன், பி ஃப்ளூட் சுமார் 3 மி.மீ. இரண்டு பக்கச் சுவருக்கும் சேர்த்தால் பி ஃப்ளூட்டில் மட்டும் 6 மி.மீ. காணாமல் போய்விடும்.

சுற்றளவு சரியாக இருந்தும் பிதுங்கினால் அடுத்து காற்று. கால்பந்துக்கு விதியில் சொல்லப்பட்ட அழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. அது ஆட்டத்துக்கான அழுத்தம். ஷெல்ஃபில் உட்கார அவ்வளவு தேவையில்லை. 25 டிகிரி வெப்பத்தில் 8 பி.எஸ்.ஐ. அடித்து மூடிய பந்து, மே மாத வெயிலில் நிறுத்தியிருக்கும் மூடிய லாரிக்குள் 60 டிகிரியைத் தொட்டால் கிட்டத்தட்ட 10.7 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். ஓட்டை எதுவும் வேண்டாம், கூடுதல் காற்றும் வேண்டாம், வெப்பம் ஒன்றே போதும். 4 பி.எஸ்.ஐ.யில் மூடினால் அதே வெயிலில் 6 பி.எஸ்.ஐ. சொச்சத்தில் நிற்கும். ஏறுகிற அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தொடங்கிய இடம் தாழ்வாக இருப்பதால் பெட்டிக்கு வலிக்காது.

மலைக்கு ஏறும் சரக்குக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சென்னையைவிட மூன்று பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைவு. கீழே 8 என்று காட்டிய மீட்டர் மேலே 11க்குப் பக்கத்தில் காட்டும். ஊட்டிக் குளிர் அதில் ஒரு பி.எஸ்.ஐ. அளவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விமானத்தில் போகும் சரக்குக்கும் இதே சங்கதி.

அழுத்தம் ஏறினால் எல்லாப் பந்தும் ஒரே மாதிரி பெருக்காது. உள்ளே துணி அடுக்குகள் ஒட்டித் தைத்த பந்து அசைந்து கொடுக்காது. வெறும் ரப்பர் அச்சில் வார்த்த விலை குறைந்த பந்துதான் பெருக்கும். அதிலும் ஒரு முறை பெருத்தது குளிர்ந்த பிறகும் முழுதாகப் பழைய அளவுக்கு வராது. பெட்டியை மாற்றினாலும் அதே புகார் திரும்ப வருகிறது என்றால் இந்த வகைப் பந்தாக இருக்கும்.

ஆக, இங்கே செய்ய வேண்டியது: உருவம் நிற்கிற அளவுக்கு, அதாவது 3 அல்லது 4 பி.எஸ்.ஐ.க்குக் காற்றடித்துப் பேக் செய்யுங்கள். 'விளையாடும் முன் காற்று நிரப்பவும்' என்று பெட்டியில் தெளிவாக அச்சிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தப் புகார் போய் அடுத்த புகார் வரும்.

பந்து மெத்தென்று இருக்கிறது, பெட்டிக்குள் உருள்கிறது

வாடிக்கையாளர் பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். உள்ளே போனால் வைத்துவிட்டுப் போய்விடுவார். பந்தில் ஓட்டை இருக்கும் என்று கடைக்காரரும் ரிட்டர்ன் போட்டுவிடுவார்.

உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் பை, அதாவது பிளாடர், எந்த வகை என்று கேளுங்கள். பியூட்டைல் பிளாடர் காற்றை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும். லேடெக்ஸ் பிளாடர் தொட்டால் நன்றாக இருக்கும், துள்ளலும் நன்றாக இருக்கும், ஆனால் சில நாளிலேயே காற்றை விட்டுவிடும். அது பழுது இல்லை, அதன் சுபாவம். லேடெக்ஸ் பந்தைத் திறந்த முகப்புப் பெட்டியில் வைத்து மாதக்கணக்கில் விற்க நினைப்பது சரிப்பட்டு வராது. ஒன்று, காற்று இறக்கிய நிலையில் விற்க வேண்டும். இல்லையென்றால் கடைப் பையன் வாரம் ஒரு முறை பம்பு அடிக்க வேண்டும்.

பியூட்டைல் பந்தே இறங்கினால் வால்வைப் பாருங்கள். வால்வில் ஒரு சொட்டுத் தண்ணீரோ எச்சிலோ வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். குமிழி வந்தால் பெரும்பாலும் உலர்ந்த நீடிலைக் குத்தி வால்வின் உள் ரப்பரைக் கிழித்திருப்பார்கள். பேக்கிங் மேசையில் ஒரு சின்னக் குப்பி கிளிசரினோ சிலிக்கோன் எண்ணெயோ வைத்து, நீடிலை அதில் தொட்டுக் குத்தச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் எல்லாம் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும்.

காற்று சரியாக இருந்தும் உருண்டு லோகோ பின்பக்கம் போய்விடுகிறது என்றால் அது உண்மையிலேயே பெட்டியின் குறை. முகப்புத் துளையின் விட்டம் பந்தின் விட்டத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருந்தால், பந்து எங்கும் பிடி கிடைக்காமல் சுழலும், அழுத்தினால் வெளியேயும் வந்துவிடும். துளையைச் சின்னதாக்கி, அடித்தளத்தில் பந்து கொஞ்சம் அமிழ்கிற மாதிரி ஒரு வட்ட வெட்டு கொடுத்தால் நின்றுவிடும்.

காற்று இறக்கி வந்த பந்து, ஊதினால் முட்டை வடிவம்

காற்றை எடுத்துவிட்டு, ஒரு பாதியை மற்றப் பாதிக்குள் குழித்துக் கிண்ணம் போல ஆக்கிப் பாலிபேக்கில் போட்டு அனுப்புவது பழைய வழக்கம். இடம் மிச்சம் என்பதால் இன்னும் நடக்கிறது. குழித்த விளிம்பில் மடிப்பு விழும் இடம் எப்போதும் பலவீனம்தான். மாஸ்டர் கார்ட்டனில் (பலவற்றை மொத்தமாக அடைக்கும் பெரிய பெட்டி) ஏகத்துக்கு அழுத்தி அடைத்து, வெயிலில் வைத்தால் அந்த மடிப்பு அப்படியே பதிந்துவிடும்.

சோதனை எளிது. 4 பி.எஸ்.ஐ. அடித்து, வெதுவெதுப்பான அறையில் ஒரு நாள் விடுங்கள். மறுநாள் டேப்பை இரண்டு மூன்று திசையில் சுற்றிப் பாருங்கள். திசைக்குத் திசை மாறும் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தால் அது பேக்கிங் மடிப்பு, போய்விடும். குறையவே இல்லை என்றால் பந்தின் உள் அடுக்கில் கோளாறு, உற்பத்தி செய்தவரிடம் போங்கள். இனி வருகிற சரக்குக்கு, முழுதாகக் காற்றை உறிஞ்சாமல் கொஞ்சம் விட்டுவைத்துக் குழிக்கச் சொல்லுங்கள். மடிப்பு கூராக விழாது.

வெள்ளைப் பந்து பைக்குள்ளேயே மஞ்சளாகிவிட்டது

இந்த அறிகுறியில்தான் அநியாயமாகப் பழி மாறுகிறது. "பழைய சரக்கை அனுப்பிவிட்டார்கள்" என்று ஆலைக்காரரோடு சண்டை நடக்கும். பந்து புதிதாகவே இருக்கலாம்.

பாலிதீன் பை பழுதாகாமல் இருக்க அதில் பி.எச்.டி. (BHT) என்கிற ஒரு பொருளைச் சேர்ப்பது உண்டு. அது பையிலிருந்து மெல்ல வெளியேறிப் பந்தின் மேல் படியும். குடோனில் டீசல் ஜெனரேட்டர் ஓடினால், லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றால், புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் நிறம். ஜவுளிக்காரர்களுக்கு இது நன்றாகப் பழக்கம். திருப்பூரில் வெள்ளைப் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்களைக் கேட்டால் பி.எச்.டி. இல்லாத பை வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். பந்துக்காரர்கள் மட்டும் ஏனோ இன்னும் எந்தப் பை மலிவோ அதையே வாங்குகிறார்கள்.

மஞ்சள் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பையின் வாய்ப்பக்கம், காற்று நுழையும் துளைப்பக்கம் அதிகமாக இருந்தால் மேலே சொன்னதுதான் காரணமாக இருக்கும். உறுதிப்படுத்த, பந்தைப் பையிலிருந்து எடுத்து, பாதியைக் கருப்புத் துணியால் மூடி, மீதியை ஒரு பகல் வெயிலில் வையுங்கள். வெயில் பட்ட பாதி வெளுத்துத் திரும்ப வந்தால் கேள்வியே இல்லை, பைதான். சரக்கைக் காப்பாற்றிவிடலாம்: பையை மாற்றி, வெயில் காட்டி எடுத்துவிடுங்கள்.

வெயிலில் வைத்தும் வெளுக்கவில்லை, அல்லது முன்பே ஜன்னலைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் மஞ்சளாக இருக்கிறது என்றால் அது வேறு. பி.யூ. (பாலியூரித்தேன்) மேல்தோல் ஒளி பட்டு மூப்படைந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை. கடையில் அந்த ஷெல்ஃபை வெயில் விழாத பக்கம் நகர்த்துவதுதான் வழி.

பை சரியாக இருந்தும் மஞ்சள் வருகிறதா? மறுசுழற்சிக் காகிதத்தில் செய்த அட்டையும் இதே வேலையைச் செய்யும். பந்து அட்டையைத் தொடும் இடங்களில் மட்டும் வட்டவட்டமாக நிறம் மாறியிருக்கும்.

மேலே பிசுபிசுப்பு, அச்சு மை கையில் ஒட்டுகிறது

பந்தின் மேல்தோல் பி.வி.சி.யா பி.யூ.வா என்று தெரிந்துகொள்ளாமல் இதில் ஒரு அடியும் நகர முடியாது.

பி.வி.சி. என்றால், அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பசையுள்ள பொருள் வெளியே நகர்ந்து வருகிறது. தொடும் பொருள் எதுவோ அதற்குள் அது போகும். பி.வி.சி. ஷ்ரிங்க் ஃபிலிம் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) சுற்றியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். கீழே தெர்மோகோல் கிண்ணம் வைத்திருந்தால் இன்னும் மோசம். அந்தப் பொருள் தெர்மோகோலை அரித்துக் கரைத்துவிடும், பந்தில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும். தெர்மோகோலை எடுத்துவிட்டு, முட்டை அட்டை செய்கிற அதே காகிதக்கூழ்க் கிண்ணத்துக்கு மாறுங்கள். ஷ்ரிங்க் வேண்டும் என்றால் பாலியோலெஃபின் ஃபிலிம் கேளுங்கள், பி.ஓ.எஃப். என்றால் கடையில் தெரியும். பந்தில் லோகோ மை முழுதாகக் காய்வதற்குள் பையில் போடுகிறார்களா என்றும் விசாரியுங்கள். அவசர ஆர்டரில் அது நடக்கும்.

பி.யூ. பந்து பிசுபிசுத்து, தேய்த்தால் உரிந்து வந்தால் அதன் காலம் முடிந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து சில வருடத்தில் பி.யூ.வை உடைத்துவிடும். பேக்கிங்கை மாற்றி அதை மீட்க முடியாது. குடோனில் பழையது முதலில் போகிறதா என்பதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

வெள்ளைப் பொடி படர்ந்திருக்கிறது

ரப்பர் கூடைப்பந்து என்றால் பதற்றம் வேண்டாம். ரப்பரைக் காப்பாற்றச் சேர்த்த மெழுகு மேலே பூத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், வாடையும் இருக்காது.

கிரிக்கெட் பந்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ திட்டுத்திட்டாக இருந்து பூஞ்சை வாடை அடித்தால் அது பூஞ்சையேதான். கிரிக்கெட் பந்துக்குப் படிகாரம் போட்டுப் பதனிட்ட தோல் பயன்படுகிறது. அது ஈரத்தை விரும்பி வாங்கும், தண்ணீரில் நனைந்தால் படிகாரமே கரைந்து வெளியேறும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பந்து தயாராகும் மீரட்டில் ஏப்ரல் மாதத்து உலர்ந்த காற்றில் பேக் செய்த பந்துக்கும் ஜூலை மாதம் பேக் செய்த பந்துக்கும் கொச்சியில் போய் இறங்கும்போது பெரிய வித்தியாசம் தெரியும். ஈரத்தோடு பையில் போட்டு வாயை ஒட்டிவிட்டால் அந்த ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பந்துகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பாருங்கள். ஆடவர் பந்தின் எடை விதிப்படி 155.9 முதல் 163 கிராம். ஒரே பெட்டியில் பல பந்துகள் மேல் எல்லையை ஒட்டியோ தாண்டியோ நின்றால் ஈரம் ஏறியிருக்கலாம் என்று சந்தேகப்படலாம். உலர்ந்த துணியால் கடைக்கு வெளியே வைத்துத் துடைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மேலே இருக்கும் மெழுகும் அரக்கும் இளகிப்போகும். துடைத்த துணியை வைத்து அடுத்த பெட்டியைத் துடைக்கவும் வேண்டாம்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், வாய் ஒட்டிய பைக்குள் வேலை செய்யும். திறந்த அட்டைப்பெட்டியில் போட்டால் ஊரின் ஈரத்தை எல்லாம் அதுவா குடிக்கும்? சில்லறைப் பெட்டிக்குப் பந்தைக் காகிதத்தில் சுற்றி, துளையிட்ட பையில் போடுவதே நல்லது என்பது என் கட்சி. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பூஞ்சை தடுக்கும் பொட்டலம் என்று யாராவது எதையாவது கொடுத்தால் அதில் டைமெத்தில் ஃப்யூமரேட் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தோல் சோபா, செருப்பு வாங்கியவர்களுக்குத் தோலில் புண் வந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அதைத் தடைசெய்துவிட்டது.

டென்னிஸ் கேனைத் திறந்தால் 'புஸ்' சத்தம் இல்லை

அழுத்தமுள்ள டென்னிஸ் பந்துக்குள் வெளிக்காற்றைவிட 12 பி.எஸ்.ஐ. போல அதிக அழுத்தம் இருக்கும். அது ரப்பர் வழியாக மெல்லக் கசியும். கசியாமல் இருக்கக் கேனுக்குள்ளும் ஏறத்தாழ அதே அழுத்தம் வைத்து மூடுகிறார்கள். 1926இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரப்பர் கம்பெனி தகரக் கேனில் ஆரம்பித்து வைத்த முறை இது. இன்று கேன் பெட் பிளாஸ்டிக்காக மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை. கேனின் அழுத்தம் போனால் மூடி திறக்காமலே உள்ளே பந்துகள் செத்துவிடும்.

திறக்காமல் கண்டுபிடிக்க, நல்ல கேன் ஒன்றை ஒரு கையிலும் சந்தேகக் கேனை மறு கையிலும் பிடித்துப் பக்கச்சுவரை அமுக்குங்கள். நல்லது கல் போல நிற்கும். மேல் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு உலோகத் தகட்டைப் பாருங்கள். லேசாக மேல்நோக்கிப் புடைத்திருக்க வேண்டும். தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் போச்சு. தகடும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கேன் தலைகீழாக விழும்போது அங்கேதான் அடிபடும். ஆகவே மாஸ்டர் கார்ட்டனில் கேன்களின் தலைக்கு மேல் ஒரு அட்டைத் தடுப்பு போடுவது செலவே அல்ல.

திறந்தாகிவிட்டது, வாடிக்கையாளர் வாதாடுகிறார் என்றால் துள்ளல் சோதனை இருக்கிறது. கெட்டியான தரையில் 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் சாதாரண ஆட்டப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். சுவரில் இரண்டு பென்சில் கோடு போட்டால் கடையிலேயே செய்துவிடலாம்.

நம் ஊரில் தெருக் கிரிக்கெட்டுக்கு விற்கும் டென்னிஸ் பந்துக்கு இந்தப் புராணம் எதுவும் பொருந்தாது. அது ஆறாகவோ பன்னிரண்டாகவோ சாதாரணப் பெட்டியில் வரும், சத்தமும் வராது. அழுத்தமில்லாப் பந்து என்ற வகையும் அப்படியே. 2019இல் வில்சன் கொண்டுவந்த ட்ரைனிட்டி பந்து காகிதப் பெட்டியிலேயே வந்தது, உள்கூட்டைத் தடிமனாக்கிக் கேன் தேவையில்லாமல் செய்துவிட்டார்கள். 'புஸ்' வரவில்லை என்று ரிட்டர்ன் எடுப்பதற்கு முன் அது எந்த வகை என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மடிப்பில் அச்சு வெடிக்கிறது, அடித்தளம் கழன்று பந்து விழுகிறது

இங்கே வந்தால்தான் அச்சகத்துக்காரரிடம் போக வேண்டும். மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அட்டையின் கிரெய்ன் (நார் ஓடும்) திசையை மாற்றி வெட்டியிருக்கலாம், அல்லது கிரீஸ் (மடிப்புக்காக அழுத்திய கோடு) ஆழமாக விழவில்லை. லேமினேஷன் இல்லாத அடர்நிற டூப்ளெக்ஸ் அட்டையில் இது பளிச்சென்று தெரியும். அடித்தளம் கழன்றால், 600 கிராம் கூடைப்பந்துக்கு வெறும் டக்-இன் (உள்ளே செருகும்) மடிப்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கைப்பிடித் துளையில் தூக்கி நாலு குலுக்கு குலுக்கினால் தாங்க வேண்டும். மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் லாக் பாட்டம் கேளுங்கள், ஓரம் ஒட்டிய பசை காய நேரம் கொடுங்கள்.

மாஸ்டர் கார்ட்டன் அமுங்கிச் சாய்கிறது

சிவகாசி உலர்ந்த ஊர். அங்கே அட்டை விறைப்பாக இருக்கும். அதே கார்ட்டன் மழைக்காலக் கொச்சியிலோ மும்பையிலோ குடோனில் ஈரம் குடித்தால் தாங்கும் பலத்தில் பாதி வரை இழந்துவிடும். காற்றடைத்த பந்துகள் உள்ளே இருப்பதால் கார்ட்டன் நிறைந்துதான் இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் உருண்டைகளுக்கு நடுவில் மூலைகள் எல்லாம் காலி. பாரத்தில் பெரும்பங்கு அட்டையின் நாலு மூலைகளில்தான் இறங்குகிறது.

அதனால் அடுக்கும் விதம் முக்கியம். செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுவில் உட்காரும். பலத்தில் பாதி அங்கே போய்விடும். மூலைக்கு மேல் மூலை வருகிற மாதிரி நேராக அடுக்கி, ஃபிலிம் சுற்றிக் கட்டுங்கள். பேலட்டுக்கு (அடியில் வைக்கும் மரத்தட்டு) வெளியே பெட்டி நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. அடியில் இருக்கும் கார்ட்டன் மட்டும் அமுங்கினால் இதுவும் ஈரமும் காரணம். நடுவில் ஏதோ ஒன்று மட்டும் அமுங்கினால் பந்தில் காற்று இறங்கியிருக்கும், திறந்து பாருங்கள்.

பார்கோடு ஸ்கேன் ஆகவில்லை

கோடுகள் சிவப்பா? ஸ்கேனரின் ஒளியும் சிவப்பு, அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். கூடைப்பந்துப் பெட்டியின் ஆரஞ்சுப் பின்னணியில் கருப்புக் கோடு படிக்கும், வெள்ளையில் ஆரஞ்சுக் கோடு படிக்காது.

நிறம் சரியென்றால் பக்க வெற்றிடம். 13 இலக்கப் பார்கோடு முழு அளவில் சுமார் 37 மி.மீ. அகலம், அதில் இடதுபுறம் 3.6 மி.மீ., வலதுபுறம் 2.3 மி.மீ. வெறுமையாக இருக்க வேண்டும். டிசைனர் அதில் ஒரு பார்டர் கோடு இழுத்துவிட்டால் போதும், கெட்டது. 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கவும் கூடாது. டென்னிஸ் கேன் போன்ற வளைவில் கோடுகள் ஏணிப் படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும், வேலி போல நின்றால் ஓரக்கோடுகள் வளைவில் மறைந்துவிடும். மூன்று கேன்களைச் சேர்த்து ஃபிலிம் சுற்றி விற்றால் உள்ளே இருக்கும் தனிக் கேனின் கோடு வெளியே தெரியாமல் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று கேன் ஒரு கேன் விலைக்குப் போகும், பில் போடுகிறவருக்கும் தெரியாது.

எடையளவுத் துறை அதிகாரி பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டுகிறார்

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள்படி பெட்டியில் இருக்க வேண்டியவற்றில் முக்கியமானவை: தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப்பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு, இறக்குமதி என்றால் எந்த நாடு. பம்பும் நீடிலும் சேர்த்து விற்றால் அவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

அடிக்கடி மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். விலை ஏறியதும் மேலே ஸ்டிக்கர் ஒட்டுவது: கூடாது. குறைத்து ஒட்டலாம், அப்போதும் பழைய எம்.ஆர்.பி. மறையக் கூடாது. இரண்டாவது, விவரங்களைத் தமிழில் மட்டும் அச்சிடுவது. விதி இந்தியையோ ஆங்கிலத்தையோ கேட்கிறது, தமிழைக் கூடுதலாகப் போடலாம். எனக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் அபராதம் கட்டுவது நீங்கள்.

பொம்மை என்று வகைப்படும் பந்துக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம்.

கூரியர் பில் பந்தைவிடக் கனக்கிறது

23 செ.மீ. கனசதுரப் பெட்டியை நீளம், அகலம், உயரம் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் 2.4 கிலோ. உள்ளே இருப்பது அரைக்கிலோ கூட இல்லாத கால்பந்து. கூரியர்காரர் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் போடுவார். அதே பந்தைக் குழித்து 22க்கு 22க்கு 11 பெட்டியில் அனுப்பினால் ஒரு கிலோ சொச்சம்தான். கடை ஷெல்ஃபுக்கு ஒரு பெட்டி, ஆன்லைன் ஆர்டருக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள். ஆன்லைன் பெட்டியில் நீடிலும் வால்வுக்கு ஒரு சொட்டு கிளிசரின் பாக்கெட்டும் வைத்தால், முன்னால் சொன்ன வால்வுப் புகாரும் குறையும்.

பெட்டி ஷெல்ஃபில், பந்து தரையில்

இதற்கு எந்த அட்டையும் உதவாது. பந்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்க யாருக்கும் மனசு வராது. ஒவ்வொரு எண்ணிலும் ஒரு பந்தை முழுக் காற்றோடு, பெட்டி இல்லாமல், ஒரு கூடையில் போட்டு 'தட்டிப் பார்க்க' என்று எழுதி வையுங்கள். மற்றப் பெட்டிகளைப் பிரிப்பது பெருமளவு குறையும். அந்தக் கூடைப் பந்தை மாதம் ஒரு முறை மாற்றி, பழையதைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.